கற்பனைக்குக் கல்லூரியில் இடமில்லையா?

"இதுவும் ஒரு பாடமா?" ஏளனம் சொட்ட இப்படிக் கேட்கின்றனர், இலக்கிய மண்டபத்துக்குத் தாமே காவலர் என்று எண்ணிக் கொண்டிருப்போர். செவ்வாய்க் கோளிலிருந்து வரும் படை, சிந்திக்கும் எந்திரம், காலத்தைக் கடக்கும் ஊர்தி, நெருப்புமிழும் நாகம் - இவற்றைப் பற்றிய கதைகளைக் கல்லூரியில் கற்பிப்பதாம்! தேர்வு வைப்பதாம்! கேட்டார்கள், கொதித்தார்கள். படித்தார்களா? அதுதான் இல்லை!

அமெரிக்காவில், ஊஸ்டர் கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் கிளேர்சன், அறிவியல் புனைகதை ஆய்வுக்கென்றே 1959-ல் ஓர் இதழைத் தொடங்கினார். 1962-ல் கோல்கேட் பல்கலைக் கழகத்தில் மார்க் ஹில்லெகாஸ் அதனை வகுப்பறைப் பாடமாகவே நடத்தினார். 1970-ல் ஆய்வாளர் சங்கமே எழுந்தது. பாடம் வளர்ந்தது, பழிப்பு மட்டும் ஓயவில்லை.

"மட்டத்தாளில் அச்சான மலிவுச் சரக்கு" என்பர். தாளின் தரம் பார்த்தா கருத்தின் தரம் காண்பது? பிறப்பைக் கேட்டு மனிதனை அளக்கும் பழக்கம், நூலையும் அப்படியே அளக்கச் சொல்கிறது போலும்!

அந்த வகுப்பில் என்ன இருக்கிறது? மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' இருக்கிறது. பதினெட்டு வயதில் ஒரு பெண் எழுதத் தொடங்கி, 1818-ல் பெயரின்றி வெளிவந்த நூல். ஆக்கியவன் தன் ஆக்கத்துக்குப் பொறுப்பேற்க வேண்டாமா என்று கேட்ட நூல். எச்.ஜி. வெல்ஸ் 1898-ல் வெளியிட்ட 'உலகங்களின் போர்' இருக்கிறது. செவ்வாய்க் கோளினர் இலண்டனைத் தாக்கும் கதைதான். ஆனால், டாஸ்மேனிய மக்களை ஐரோப்பியர் அழித்ததை முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டி, ஆதிக்கக்காரன் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்தார் வெல்ஸ்! செக் நாட்டுக் காரெல் சாப்பெக் 1920-ல் எழுதிய நாடகம் இருக்கிறது. 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது அது. அச்சொல்லின் வேர் என்ன? கட்டாய உழைப்பு! பண்ணையடிமையின் வியர்வை!

சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில மாதர் இதழொன்றில், 1905-ல், 'சுல்தானாவின் கனவு' அச்சேறியது. எழுதியவர் வங்கத்து ரொக்கையா. அக்கனவில் ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்கின்றனர். பெண்கள் கதிரவனின் வெப்பத்தைச் சேமித்து நாட்டை ஆளுகின்றனர். கனவோடு நின்றாரா? இல்லை. 1911-ல் கல்கத்தாவில் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தினார். கற்பனை செயலுக்குப் பகை என்பார் இதற்கு என்ன விடை தருவர்?

பகுத்தறிவாளர் சிலரும் கேட்கின்றனர்: "மாயமந்திரக் கதைகளை நாமே படிக்கலாமா?" நல்ல கேள்வி. மாயக் கதை எழுதுவோன், "இது என் கற்பனை" என்று முகப்பிலேயே ஒப்புக்கொள்கிறான். அவன் ஏமாற்றவில்லை. கற்பனையைக் காட்டி "இது வரலாறு, நம்பு!" என்பவனே ஏமாற்றுகிறான். 2015-ல் மும்பையில், இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலேயே, பண்டை நாளில் விமானம் பறந்ததாகக் கட்டுரை படித்தனர். அவர்கள் சான்று காட்டிய 'வைமானிக சாஸ்திரம்' இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டதே, அதில் கூறிய விமானங்கள் பறக்கா என்று, பெங்களூர் அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1974-லேயே காட்டியிருந்தனர்! கதையைக் கதையாகப் படிக்கப் பழகியவனை இப்படி மயக்க முடியுமா?

குறையே இல்லாத இலக்கியம் என்று கூறவில்லை. கறுப்பினத்தவரை நாயகனாகக் கொண்ட தம் நாவலை, வாசகர் ஏற்கமாட்டார் என்று ஆசிரியர் ஜான் கேம்பெல் 1967-ல் மறுத்ததைச் சாமுவேல் டிலேனி பதிவு செய்திருக்கிறார். அந்தக் கேம்பெல் பெயரால் வழங்கிவந்த விருது 2019-ல் பெயர் மாற்றப்பட்டது. விண்மீனுக்குப் பறந்தவர்களும் நிறவெறியை மூட்டை கட்டிச் சென்றனர்! அதனால்தான் வகுப்பறை வேண்டும். பொழுதுபோக்காகப் படிப்பவன் வியந்து போகிறான். பாடமாகப் படிப்பவன் வினவுகிறான்.

இளைஞர்களே! "உலகம் இப்படித்தான், என்றும் இப்படித்தான்" - அடிமையை அடிமையாக வைத்திருக்கும் மந்திரம் அது. "வேறு விதமாக இருந்தால்?" - அதை உடைக்கும் வினா இது. அந்த வினாவை எழுப்பக் கற்றுத்தரும் வகுப்பு எங்கிருந்தாலும், அதன் கதவைச் சாத்தவிடாதீர்!