மணி அடித்தும் நிற்காத கேலி



மரக்காணம் பக்கம் எங்கள் பெருமுக்கல் மலைக்கு வந்தால், பாறையில் பழங்கால மனிதர்கள் செதுக்கிய உருவங்களைப் பார்க்கலாம். எத்தனையோ தலைமுறைகள் போயும் அவை அழியவில்லை. உங்களுக்கு ஒருவன் வைத்த பட்டப்பெயரை அப்படிப் பாறையில் செதுக்கிவிட்டால் எப்படி இருக்கும்? கைபேசியில் செய்யும் கேலி ஏறக்குறைய அப்படித்தான்.

‘நெட்டைக்கொக்கு’, ‘சோடாபுட்டி’ என்று பட்டப்பெயர் இல்லாத வகுப்பை நான் பார்த்ததில்லை. அதுவும் தவறுதான். ஆனால் அன்று மாலை மணி அடித்தால் கேலி பள்ளியோடு நின்றுவிடும். இன்று வாட்ஸ்அப் குழுவில் போட்ட கேலிப்படம் வீட்டுக்குள்ளும் வருகிறது; படுக்கைக்கும் வருகிறது. போட்டவனே அழித்தாலும் அதற்குள் பத்துப் பேர் சேமித்திருப்பார்கள். யார் யார் பார்த்தார்கள் என்று தெரியாததால், வகுப்பில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றும். தூக்கம் போகும். சோறு இறங்காது. வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போடத் தோன்றும்.

2019இல் யுனிசெஃப் அமைப்பு 30 நாடுகளின் இளையோரிடம் கேட்டபோது, மூவரில் ஒருவர் இணையத்தில் இப்படித் துன்பப்பட்டதாகச் சொன்னார்கள். ஐவரில் ஒருவர் அதனால் பள்ளிக்கே போகாமல் இருந்திருக்கிறார்கள்.

2016இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறொரு அசிங்கமான படத்தோடு ஒட்டி ஒருவன் முகநூலில் போட்டான். காவல்துறையிடம் புகார் கொடுத்தும் படம் உடனே நீங்கவில்லை. அந்த வேதனையில் அவர் உயிரையே இழந்தார். பிறகுதான் அவன் கைதானான். தாமதம் எவ்வளவு கொடியது, பாருங்கள்.

வெளியிலிருந்து வரும் உதவிதான் தாமதமாகிறது என்றில்லை. பிள்ளைகளே சொல்லத் தயங்குகிறார்கள். சொன்னால் கைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள், “நீ ஏன் போட்டோ போட்டாய்?” என்று நமக்கே திட்டு விழும் என்ற பயம். (இதைப் படிக்கும் அப்பா, அம்மாக்களே, அந்தக் கேள்வியை மட்டும் முதலில் கேட்காதீர்கள்!)

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் கணக்கு வைத்துக்கொள்ளத் தடை வந்தது. அதனால் மட்டும் கேலி நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாட்ஸ்அப்பை அந்தத் தடையில் சேர்க்கவில்லையே! வகுப்புக் கேலியெல்லாம் பெரும்பாலும் அங்கேதானே நடக்கிறது?

படம் போடுபவன் ஒருவன்தான். அதை அடுத்தவருக்கு அனுப்புபவர்களும், சிரிக்கும் பொம்மை போடுபவர்களும்தான் முப்பது பேர். அந்த முப்பதில் நீங்கள் ஒருவராக இருந்தால், அனுப்பாமல் விடுங்கள். பாதிக்கப்பட்டவனுக்குத் தனியாக, “நான் உன் பக்கம்” என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்களுக்கே நேர்ந்தால் பதிலுக்குத் திட்டாதீர்கள். வந்த கேலியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அப்பா, அம்மா, டீச்சர், அத்தை என்று நம்பும் ஒருவரிடம் அன்றைக்கே காட்டுங்கள். அவர் காது கொடுக்காவிட்டால் இன்னொருவரிடம் போங்கள். யாருமே இல்லை என்று தோன்றினால் 1098 என்ற எண்ணை அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது. காசு கிடையாது, நடுராத்திரியிலும் பேசலாம்.