பல்கலைக்கழகத் தெரிவும் பிள்ளைகளின் மனநலமும்

ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாதத்தில் ஏ லெவல் பெறுபேறுகள் வெளியாகும் வேளையில் எம்மவர் இல்லங்களில் தொலைபேசி ஓய்வதில்லை. எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை, தரவரிசையில் எத்தனையாம் இடம், அங்கே தமிழ்ப் பிள்ளைகள் உளரா, பக்கத்தில் மாமி வீடு உண்டா என்றெல்லாம் விசாரிக்கின்றோம். பிள்ளை அங்கே மனந்தளர்ந்து போனால் தாங்கிக்கொள்ள எவர் இருக்கின்றார் என்று மட்டும் விசாரிப்பதில்லை. இங்கிலாந்தில் வாழும் எமது குடும்பங்களை மனத்திற்கொண்டு அதுபற்றியே இவ்வாரம் எழுதுகின்றோம்.

பல்கலைக்கழக அனுமதிக்கான யூகாஸ் விண்ணப்பத்தில், உடல்நலக் குறைபாடு, கற்றல் இடர்ப்பாடு, மனநலப் பாதிப்பு ஏதேனும் உண்டா என வினவும் பகுதி ஒன்று உள்ளது. இரண்டு வருடமாக வைத்தியரிடம் சென்றுவரும் பிள்ளையாயினும், எம்மவர் பலர் அதற்கு 'இல்லை' என்றே விடையளிக்கச் செய்கின்றனர். உண்மையைச் சொன்னால் இடம் தரமாட்டார்கள் என்பது அவர்கள் வாய்விட்டுக் கூறும் காரணம். வாய்விட்டுக் கூறாத காரணம் வேறு. செய்தி ஊரறிந்தால் நாளை கல்யாணப் பேச்சுக்கு இடையூறாகும் என்பதே அது.

முதலாவது அச்சத்துக்கு ஆதாரமில்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடியதும் அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிப்பதுமான மனநலக் குறைபாட்டை உடற்குறைபாட்டுக்கு நிகராகவே கருதுகின்றது. அதனைக் காரணங்காட்டி இடம் மறுத்தல் சட்டவிரோதமாகும். மருத்துவம், தாதியியல் போன்ற துறைகளில் உடல், மன நலம் பற்றிய தனிப் பரிசீலனை ஒன்று நடைபெறும் என்பது உண்மையே. அங்கும் சொன்னவனைக் காட்டிலும் மறைத்தவனே பின்னர் இடர்ப்படுகின்றான். 2011இல் விண்ணப்பித்த பிரித்தானிய மாணவருள் 0.7 விழுக்காட்டினரே மனநலப் பாதிப்பைக் குறிப்பிட்டிருந்தனர். 2020இல் அது 3.7 விழுக்காடாயிற்று. இந்நாட்டுப் பிள்ளைகள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாவது அச்சத்துக்கும் விடையுண்டு. அப்பகுதியில் எழுதப்படுவது பல்கலைக்கழகத்தில் உரியவர்களுக்கு மட்டுமே தெரியவரும். எமது சங்கச் செயலாளருக்கோ கோயில் தர்மகர்த்தாவுக்கோ எவரும் பிரதி அனுப்புவதில்லை. போர் எமது மக்களின் உள்ளங்களில் ஏற்படுத்திய வடுக்களை யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998ஆம் ஆண்டிலேயே ஆங்கில நூலாக வெளியிட்டார். உளவளத்துணை என்பது எமது மண்ணில் வேரூன்றிவிட்ட சொல். அங்கே வெட்கமின்றிப் பேசப்பட்டதை இங்கே வந்து கம்பளத்தின் கீழ் ஒளித்து வைப்பது எமக்கு விளங்கவில்லை. ஷெல் சத்தத்தையே கேட்டிராத பிள்ளையும், இரவில் திடுக்குற்று எழும் தகப்பனுடன் ஒரே கூரையின் கீழ் வளர்ந்திருக்கின்றது.

சொல்வதால் கைக்கு வரும் பயனும் உண்டு. குறைபாடுடைய மாணவர்க்கான கொடுப்பனவு ஒன்று அரசினால் வழங்கப்படுகின்றது. மனநலப் பாதிப்புடையோரும் வைத்தியச் சான்று காட்டி அதனைப் பெறலாம். பெற்றோரின் வருமானம் பார்க்கப்படுவதில்லை, திருப்பிச் செலுத்த வேண்டியதுமில்லை. கிழமைதோறும் சந்தித்துப் படிப்பை ஒழுங்குசெய்ய உதவும் சிறப்பு வழிகாட்டி ஒருவரை இதன்மூலம் பெறமுடியும். மாணவர் கடனுக்குத் தகுதிபெற்ற அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இது உரியது. தஞ்சக் கோரிக்கை முடிவாகாதோர் பெரும்பாலும் இதனைப் பெறமுடியாது. எனினும் பல்கலைக்கழகத்தின் உளவளத்துணை பதிவுபெற்ற மாணவர் அனைவருக்கும் உண்டு. மேற்சொன்ன சட்டமும் அவர்களைக் காக்கும்.

அச்சட்டத்தின் வலிமையை நாட்டுக்கு உணர்த்திய வழக்கொன்றை இங்கே குறிப்பிடல் வேண்டும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்ற நடாஷா ஏப்ரகார்ட் என்னும் இருபது வயது மாணவி 2018 ஏப்ரலில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். பிறர் முன்னிலையில் பேசுவதற்குக் கடும் அச்சங்கொண்டிருந்த அவர் வாய்மொழி மதிப்பீடுகளில் தவித்தமை துறையினருக்குத் தெரிந்திருந்தது. அவ்வாறிருந்தும் அவருக்கேற்ப மதிப்பீட்டு முறை மாற்றப்படவில்லை. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். பல்கலைக்கழகம் சட்டத்தை மீறியதென 2022 மே மாதத்தில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டை உயர் நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் நிராகரித்தது. மகளை இழந்த பின்னர் பெற்ற தீர்ப்பு அது. பெற்றோர் அதனை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பல்கலைக்கழகத்துக்கு விடயம் தெரிந்திருந்தது என்பதே வழக்கின் அத்திவாரம். நாமோ தெரியவிடாமற் செய்வதில் முனைந்து நிற்கின்றோம்.

ஆகவே பிள்ளையுடன் பார்வையிடும் நாளுக்குச் செல்லும்போது, புதிய நூலகத்தையும் உடற்பயிற்சி நிலையத்தையும் பார்த்து வியந்ததோடு திரும்பிவிடாதீர்கள். உளவளத்துணைப் பிரிவு எங்கே உள்ளது என்று கேளுங்கள். முதற் சந்திப்புக்கு எத்தனை நாட்கள் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். பல இடங்களில் நான்கு முதல் ஆறு சந்திப்புகளுடன் உதவி முடிந்துவிடும். அதன்பின் எங்கே அனுப்புவார்கள் என்பதே முக்கியமான கேள்வி. சுவரொட்டிகளில் மலர்களும் புன்னகைகளும் நிறைந்திருக்கும். விடை சொல்பவர் தடுமாறுகின்றாரா என்பதைக் கவனித்தால் அதிகம் அறியலாம். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டேரம் போன்றவை பல கல்லூரிகளாகப் பிரிந்து இயங்குவதால், அங்கே ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் நலனுக்குப் பொறுப்பானவர் எவர் எனத் தனித்தனியே விசாரித்தல் வேண்டும்.

நோய்வாய்ப்பட்டு ஓராண்டு நிறுத்த நேர்ந்தால் கடன் என்னாகும் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பட்டப்படிப்பின் காலத்துக்கு மேலதிகமாக ஓராண்டுக்குப் பொதுவாக உதவி கிடைக்கும். நோய் போன்ற தக்க காரணத்தைச் சான்றுடன் காட்டினால் மேலும் ஓராண்டு கோரலாம். இதனை அறியாத பிள்ளைகள், படிப்பைக் கைவிட்ட பின்னரும் மாதக்கணக்காக விரிவுரைக்குச் செல்வதாகவே வீட்டாரிடம் கூறிவருவதுண்டு. தகப்பன் இரவு வேலை செய்து அனுப்பிய பணத்துக்கு என்ன பதில் சொல்வது என்னும் பயமே அதற்குக் காரணம். ஓராண்டு நின்று தொடர்வது குடும்ப மானத்துக்குக் கேடன்று என்பதைப் பிள்ளை புறப்படும் முன்னரே பெற்றோர் தம் வாயாற் கூறிவைத்தல் நன்று.

பதினெட்டு வயதுக்குப் பின் பிள்ளையின் நிலையைப் பல்கலைக்கழகம் பெற்றோருக்கு அறிவிக்காது. கட்டணத்துக்கு உதவுபவர் நாமல்லவா என்று சீறுவதில் பயனில்லை. நெருக்கடி வேளையில் எவருக்கு அறிவிக்கலாம் என்று மாணவரே முன்கூட்டிச் சம்மதம் எழுதிக்கொடுக்கும் முறை சில இடங்களில் உண்டு. பிரிஸ்டல் 2018இல் அதனைத் தொடங்கியது. அங்கே எழுதப்படும் பெயர் தகப்பனுடையதாகவே இருக்கவேண்டும் என நாம் வற்புறுத்தக்கூடாது. அக்காவோ, சித்தப்பாவோ, பழைய ஆசிரியரோ ஆகலாம்.

இந்தத் தொல்லையே வேண்டாம், பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரட்டும் என்போர் பலர், பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை பெரும்பாலோர். சிலருக்கு அது நன்மையே. ஆனால் வீட்டுச் சண்டையினால் உறக்கமிழந்த பிள்ளைக்கு வீடு எப்படி மருந்தாகும்?

ஏற்கெனவே சிகிச்சை பெறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓர் அவசரக் குறிப்பு. சிறுவர் மனநலச் சேவை பொதுவாகப் பதினெட்டு வயதுடன் முடிவடைகின்றது. அதே கோடையில் பிள்ளை வேறு நகருக்கும் போகின்றது. பழைய வைத்தியர் விலக, புதியவர் இன்னும் ஏற்காத அந்த இடைவெளியே ஆபத்தானது. புறப்படுமுன் வைத்தியரிடம் சுருக்கக் கடிதமும், மருந்து எடுப்பவராயின் சில கிழமைகளுக்கான மருந்தும் பெற்றுக்கொள்ளுங்கள். புதிய நகரில் முதற் கிழமையிலேயே ஜீ.பீ. ஒருவரிடம் பதிவு செய்விக்கவும். விடுமுறைக்கு வரும்போது இங்குள்ள வைத்தியரிடம் மூன்று மாதம்வரை தற்காலிகமாகப் பதியலாம். இரவு வேளைகளில் சமரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 என்னும் இலவச எண் எந்நேரமும் இயங்குகின்றது. மேற்குறித்த கொடுப்பனவுக்கான பரிசீலனை பல கிழமைகள் எடுக்கும். ஆதலால் செப்டெம்பர்வரை காத்திராமல், மாணவர் கடனுக்கு விண்ணப்பிக்கும் இளவேனிற் காலத்திலேயே இதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.