எந்தப் படையில் சேர்வது?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவன், இயற்பியல் துறை)

“எந்தப் படையிலே சேந்தா என்னடா? சட்டை நெறந்தானே வேற!”

ஒரு மாலைப் பொழுதில் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டே அப்பா கேட்ட கேள்வி இது. ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தா என்று தமிழ்த்துறை ஆசிரியர் பணித்தபோது, அந்தக் கேள்விக்கே விடை எழுதிப் பார்ப்போம் என்று துணிந்தேன்.

நான் பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வயது இருபது. இந்த வயதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏரிக்கோ கடலுக்கோ தொழிலுக்குப் போய்விடுவார்கள். கல்லூரிக்கு வந்த எங்களில் சிலருக்கோ சீருடைமேல் கண். ஆனால் தரைப்படையா, கடற்படையா, விமானப்படையா என்று கேட்டால், “எந்த அறிவிப்பு முதலில் வருகிறதோ அது” என்பதே பலரின் பதில். இதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். தாத்தா, தந்தை, மகன் என்று வழிவழியாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. அங்கே பிறந்தவனுக்கு வழிகாட்ட வீட்டுத் திண்ணையிலேயே ஒரு முன்னாள் வீரர் இருப்பார். எங்கள் குப்பத்தில் யார் இருக்கிறார்கள்? கடாரம் வென்ற இராசேந்திர சோழனின் கடற்படையைப் பற்றி மேடையில் முழங்கலாம். ஆனால் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று அவன் வந்து சொல்லித் தரப்போவதில்லை.

ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி முப்படைகளிலும் அதிகாரி அல்லாத பணிக்கு நான்கு ஆண்டுகளுக்கே ஆள் எடுக்கிறார்கள். முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய். சேவை நிதிக்கான 30 விழுக்காடு பிடித்தம் போகக் கைக்கு வருவது 21,000. நான்காண்டு முடிவில் சுமார் 11.71 இலட்சம் தருவார்கள். நூற்றுக்கு 25 பேர் வரையில் நிரந்தரமாகலாம். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். அந்தத் தொகையை எங்கள் வீட்டில் யாரும் ஒருசேரப் பார்த்ததில்லை. படகு எஞ்சினுக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. எனவே இத்திட்டத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் இப்போது போனால் என் பட்டம் பாதியில் நிற்கும். நான்காண்டு கழித்துத் திரும்பினால் என் கையில் மீண்டும் பிளஸ் டூ சான்றிதழ்தான் இருக்கும்.

பட்டத்தை முடித்தால் என்ன? ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு இருக்கிறது. எந்தப் பட்டதாரியும் அதை எழுதி, நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்குச் செல்லலாம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருந்தால் விமானப்படைக்கும் முயலலாம். ஆனால் அதே தேர்வின் வழியாகக் கடற்படை அதிகாரியாவதற்குப் பொறியியல் பட்டம் வேண்டும்! கடலில் பிறந்தவனுக்குக் கரைக்கதவு திறக்கிறது, கடற்கதவு திறக்கவில்லை என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

அப்போதுதான் நான்காவது கதவு கண்ணில் பட்டது. அது இந்தியக் கடலோரக் காவல்படை. 1977 பிப்ரவரி 1 அன்று தொடங்கி, 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் இயங்கினாலும் அக்னிபத் திட்டத்துக்குள் வராதது. அங்கே உதவி கமாண்டன்ட் பதவிக்குப் பட்டத்தோடு, பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருந்தால் போதும், பொறியியல் கட்டாயமில்லை.

கதவு திறந்திருக்கிறது என்பதற்காக மட்டும் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அமைதிக் காலத்திலும் அந்தப் படைக்கு அன்றாடம் வேலை இருக்கிறது. கடத்தலைத் தடுப்பதும், எண்ணெய்க் கசிவை அகற்றுவதும், தத்தளிக்கும் மீனவரை மீட்பதும் அதன் கடமைகள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் எத்தனை குடும்பங்களைக் கலங்கவைத்தது! தேடும் கப்பல்களில் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள், படகுகள் எங்கே இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும் என்று மீனவர்கள் கேட்டார்கள். அந்த அறிவு கப்பலுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டாமா?

2022 அக்டோபரில் பாக் விரிகுடாவில் நம் நாட்டுக் கடற்படையே சுட்டதில் தமிழக மீனவர் ஒருவர் காயமடைந்தார். யார்மீது பிழை என்று ஆராய்வது என் நோக்கமன்று. படகின் போக்கையும் வலையின் இழுப்பையும் கண்டதும் “இது மீனவன் படகு” என்று சொல்லக்கூடியவர் ஒவ்வொரு கப்பலிலும் ஒருவர் வேண்டும் என்பதே என் ஆசை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்ற கட்டளையாகத்தான் எங்கள் குப்பத்துக்கு அரசாங்கம் அறிமுகம். நம்மில் ஒருவன் அந்தச் சீருடைக்குள் நின்றால் கட்டளையோடு காரணமும் வந்து சேரும்.

“இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படாதே, அங்கே இடங்கள் குறைவு, போட்டி அதிகம்” என்கிறான் என் நண்பன். உண்மைதான். அதனால் இரண்டாவது வலையும் வைத்திருக்கிறேன். அதே படையில் நாவிக் பணிக்கு 22 வயது வரை விண்ணப்பிக்கலாம். பயிற்சி ஒடிசாவின் சில்கா ஏரிக்கரையில். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் அது முதலாவது, நம் பழவேற்காடு இரண்டாவது. தங்கை வீட்டிலிருந்து அக்காள் வீட்டுக்குப் போவதுபோலத்தானே!

மீனவன் பிள்ளை கடலைத்தான் கட்டி அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் குப்பத்துப் பெண்ணொருத்தி விமானம் ஓட்டினால் முதலில் கைதட்டுபவன் நானே. எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில் இன்னார்க்கு இன்ன இடம் என்று ஊர் கூடிப் பங்கிட்டுக்கொள்வோம். முறை வந்தவன் நீரோட்டம் பார்த்துத்தான் வலை கட்டுவான். படையைத் தேர்ந்தெடுப்பவனும் அப்படியே மூன்றைப் பார்க்கட்டும்: அமைதி நாளில் அங்கே என்ன வேலை? எத்தனை ஆண்டுகள்? என்னிடமுள்ள எது அங்கே பயன்படும்?

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். நான்கு படைகளின் தகுதிகளையும் வயது வரம்புகளையும் ஒரே தாளில் எழுதி, முதலாண்டு மாணவர் கண்ணில் படும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எனக்கு இவ்வளவும் தெரிய இரண்டாண்டு ஆயிற்று.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். வலைமுள்ளைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, படிச்சு முடி. கடனை நான் பாத்துக்கறேன். கப்பல்ல போறப்போ எங்க போட்டு கண்ணுல பட்டா, ஒரு கை ஆட்டிட்டுப் போ.”