கிராம நியாயாலயச் சட்டம்: நீதிபதி கிராமத்துக்கு வருவது எப்போது?

கல்லாறு (திருவனந்தபுரம்): பொன்முடி மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தை ஒட்டி அமைந்துள்ளது கல்லாறு. திருவனந்தபுரம் நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அப்பால், நெடுமங்காடு வட்டத்தின் விதுரா ஊராட்சியில் காட்டோரமாக உள்ள கிராமம் இது. 2018-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற மூலிகை மருத்துவர் லட்சுமிக்குட்டியின் ஊர் என்ற வகையில் நாடறிந்தது. காணி பழங்குடியினரின் குடியிருப்புகள் சுற்றிலும் காணப்படுகின்றன.

இங்குள்ள ஒருவர் எல்லைத் தகராறு, கடன் பாக்கி, ஜீவனாம்சம் போன்ற எளிய வழக்கொன்றைத் தொடுக்க வேண்டுமானால், சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நெடுமங்காடு நீதிமன்றங்களையே நாட வேண்டியிருக்கும். வழக்கு ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், வழக்கறிஞர் செலவு ஆகியவை சேர்கின்றன. கோரும் தொகையைக் காட்டிலும் அதைப் பெறுவதற்கான செலவு கூடும்போது, வழக்கையே கைவிடுவோர் உண்டு. அத்தகைய வழக்குகள் எந்த நிலுவைக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் நோக்குடன் நாடாளுமன்றம் 2008 டிசம்பரில் நிறைவேற்றியதே கிராம நியாயாலயச் சட்டம். 2009 ஜனவரி 7 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இச்சட்டம், அதே ஆண்டு காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 39-ஏ பிரிவு, பொருளாதாரக் குறைபாடு காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என வலியுறுத்துகிறது. அதற்குச் செயல்வடிவம் தருவதே தனது இலக்கு எனச் சட்டத்தின் முகவுரை கூறுகிறது.

இந்தக் கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சட்ட ஆணையம் 1986-இல் அளித்த 114-ஆவது அறிக்கை, சட்டப் பயிற்சி பெற்ற நீதிபதி ஒருவரும் பொதுமக்களில் இருவரும் சேர்ந்து விசாரிக்கும் கிராம நீதிமன்றத்தைப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அந்த அமைப்பை அப்படியே ஏற்கவில்லை. முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கான தகுதி உடைய 'நியாயாதிகாரி' ஒருவரிடமே தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை ஒப்படைத்தது. உள்ளூர் மக்களின் பங்கு, சமரசம் செய்துவைப்போர் குழு என்ற அளவில் சுருங்கியது.

சட்டத்தின் உள்ளடக்கம் கல்லாறு போன்ற ஊர்களின் அன்றாடச் சிக்கல்களோடு நெருங்கியது. கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை, பாசன வாய்க்காலில் முறை வைத்து நீர் விடுதல், மேய்ச்சல் நிலப் பயன்பாடு, கூட்டுச் சாகுபடி, கடன் கொடுக்கல் வாங்கல், ஊதியக் கோரிக்கை ஆகியவை அதன் அட்டவணையில் உள்ளன. கிராம ஊராட்சிகளில் வசிப்போர் வனவிளைபொருளைப் பயன்படுத்துவது தொடர்பான தகராறுகளும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன. குற்ற வழக்குகளில், இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களை இந்நீதிமன்றம் விசாரிக்கலாம். ஜீவனாம்ச மனுக்களும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழான மனுக்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன.

நடைமுறையும் எளிமைப்படுத்தப்பட்டுள்ளது. உரிமையியல் வழக்குக்கான கட்டணம் 100 ரூபாயைத் தாண்டக் கூடாது. அவ்வழக்கை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்கு இந்நீதிமன்றம் கட்டுப்பட்டதன்று. விசாரணையும் தீர்ப்பும் இயன்ற வரை ஆங்கிலம் அல்லாத மாநில ஆட்சிமொழியில் அமைய வேண்டும். தீர்ப்பின் நகல் இலவசம். மேல்முறையீடு மாவட்ட அளவிலேயே முடிவடைகிறது. அதற்கும் ஆறு மாதக் காலவரம்பு உண்டு.

தாளில் இவ்வளவு தெளிவாக உள்ள சீர்திருத்தம் நாடு முழுவதும் பரவாததற்கு முதற்காரணம் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே உள்ளது. உயர் நீதிமன்றத்துடன் கலந்தாலோசித்த பின் மாநில அரசு கிராம நியாயாலயங்களை 'அமைக்கலாம்' என்றே அப்பிரிவு கூறுகிறது. 'அமைக்க வேண்டும்' என்று கூறவில்லை. தொடக்கத்தில் 5,000 கிராம நியாயாலயங்கள் அமையும் என மத்திய அரசு எதிர்பார்த்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் அறிவிக்கை செய்யப்பட்டவை 500-ஐ எட்டவில்லை. இயங்குபவை ஏறத்தாழ 300 மட்டுமே. மத்திய சட்ட அமைச்சகம் நாடாளுமன்றத்தில் வெளியிட்ட பட்டியல்களில் தமிழ்நாடு இடம்பெறவில்லை.

நிதி இரண்டாவது காரணம். ஒரு நியாயாலயத்தை நிறுவ 18 லட்சம் ரூபாய் வரை ஒருமுறை உதவியும், முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 3.20 லட்சம் ரூபாய் வரை தொடர் செலவுக்கான உதவியும் வழங்க மத்திய அரசு முன்வந்தது. நீதிபதி, பணியாளர்கள் ஆகியோரின் ஊதியச் சுமை அதன் பின் முழுமையாக மாநிலத்தைச் சார்கிறது. வட்ட அளவில் வழக்கமான நீதிமன்றங்களை ஏற்கெனவே அமைத்துள்ள மாநிலங்கள் கூடுதலாக ஓர் அமைப்பு தேவையா எனத் தயங்கின. வழக்கறிஞர்களின் ஆர்வமின்மை, காவல்துறையினர் வழக்கமான நீதிமன்றங்களையே நாடுவது, முத்திரைத்தாள் விற்பனையாளர்களும் நோட்டரிகளும் கிடைக்காமை ஆகியவற்றையும் மத்திய அரசே தடைகளாகப் பட்டியலிட்டுள்ளது.

இவ்விவகாரம் உச்ச நீதிமன்றத்தையும் எட்டியது. நான்கு வாரங்களுக்குள் அறிவிக்கை வெளியிடுமாறு, அதுவரை வெளியிடாத மாநிலங்களுக்கு 2020 ஜனவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. எனினும் 2024-இல் விசாரணை மீண்டும் நடைபெற்றபோது, மூன்றாம் பிரிவின் சொல்லாட்சி மாநிலங்களைக் கட்டாயப்படுத்துகிறதா என்ற கேள்வி அமர்விலேயே எழுந்தது. நாடாளுமன்றம் விருப்பத்துக்கு விட்டதை நீதிமன்ற உத்தரவால் கடமையாக்குவது எளிதல்ல என்பதை இது உணர்த்துகிறது.

கேரளத்தின் நிலை இவற்றிலிருந்து மாறுபட்டது. அறிவிக்கை செய்த 30 நியாயாலயங்களையும் அம்மாநிலம் இயங்கச் செய்துள்ளது. ஆயினும் மாநிலத்தில் உள்ள பிளாக் ஊராட்சிகள் 152. பிளாக் ஊராட்சிக்கு ஒன்று எனச் சட்டம் காட்டும் அளவுகோலின்படி, ஐந்தில் ஒரு பங்கே நிறைவேறியுள்ளது.

எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி வேறொன்று. நியாயாலயத்தின் தலைமையிடம் பொதுவாக பிளாக் ஊராட்சியின் தலைமையிடமாகவே இருக்க வேண்டும். விதுரா ஊராட்சி வெள்ளநாடு பிளாக்கைச் சேர்ந்தது. வெள்ளநாடும் கல்லாறு மக்களுக்கு அருகில் இல்லை. ஆகவே நீதிமன்றக் கட்டடம் ஒன்று கூடுதலாக எழுவதால் மட்டும் அவர்களின் பயணம் குறையாது.

இதை உணர்ந்தே நாடாளுமன்றம் ஒன்பதாம் பிரிவைச் சேர்த்தது. நியாயாதிகாரி தமது வரம்புக்கு உட்பட்ட கிராமங்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் செல்ல வேண்டும்; வழக்காடுவோர் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே நடமாடும் நீதிமன்றமாக விசாரணை நடத்த வேண்டும்; அதற்கான வாகனம் உள்ளிட்ட வசதிகளை மாநில அரசு செய்துதர வேண்டும். நியாயாலயத்தை அமைப்பது அரசின் விருப்பம் எனினும், அமைத்த பின் கிராமத்துக்குச் செல்வது நீதிபதியின் கடமை. சட்டத்தின் உயிர்நாடி இப்பிரிவே. ஆனால் சில மாநிலங்களில் வழக்கமான நடுவர் ஒருவரே வாரத்தில் ஓரிரு நாள் கூடுதல் பொறுப்பாக நியாயாதிகாரியின் பணியைக் கவனிக்கிறார். அந்நிலையில் கிராமப் பயணத்துக்கு நேரம் கிடைப்பது அரிது.

மக்கள் நீதிமன்றங்கள் இக்குறையைத் தீர்க்கின்றன என்ற வாதம் உண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் இயங்கும் அவை பல வழக்குகளை முடித்துவைக்கின்றன. ஆனால் இரு தரப்பும் இணங்கினால் மட்டுமே அங்கு தீர்வு பிறக்கும். ஊதியம் தர மறுக்கும் முதலாளியையோ ஜீவனாம்சம் தர மறுக்கும் கணவரையோ கட்டுப்படுத்த, தீர்ப்பளிக்கும் அதிகாரம் கொண்ட நீதிபதி தேவை.

நீதித்துறைச் சீர்திருத்தம் குறித்த தேசிய விவாதம் பெரும்பாலும் உயர் அமைப்புகளையே சுற்றி வருகிறது. தேசிய நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டமும், அதை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தீர்ப்பும் இன்றும் பேசப்படுகின்றன. நாட்டின் நிலுவை வழக்குகளில் 4 கோடிக்கும் அதிகமானவை மாவட்ட, வட்ட நீதிமன்றங்களில் தேங்கியுள்ளன. அந்த அடித்தளத்தை மாற்ற இயற்றப்பட்ட கிராம நியாயாலயச் சட்டத்தை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை. இருந்தும் நாட்டின் பெரும்பகுதியில் அது செயலற்றுக் கிடக்கிறது.

மூன்றாம் பிரிவைத் திருத்திக் கட்டாயமாக்குவது நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது. மூன்று ஆண்டுகளுடன் நிற்கும் தொடர் உதவியை நீட்டிப்பது மத்திய அரசின் பொறுப்பு. முழுநேர நியாயாதிகாரிகளை நியமிப்பதும், அவர்கள் மாதந்தோறும் எத்தனை கிராமங்களில் அமர்ந்தனர் என்ற விவரத்தை வெளியிடுவதும் மாநில அரசுகளாலும் உயர் நீதிமன்றங்களாலும் இயலக்கூடியவை. இறுதியாகச் சொன்னதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. கல்லாறு போன்ற ஊர்களுக்குச் சட்டம் வந்து சேர்ந்ததா என்பதை அறிவிக்கைகளின் எண்ணிக்கையைவிட அந்த விவரமே தெளிவாகக் காட்டும்.