இடையில் ஒரு சாய்கோடு

இலங்கையின் 2024 குடிசன மதிப்பீட்டில் நமக்கு இரட்டைப் பெயர்: ‘இந்தியத் தமிழர் / மலையகத் தமிழர்’. 1911 முதல் தனிக் கட்டத்தில் இந்தியராகவே எண்ணப்பட்டு வந்தோம். நூறாண்டு கடந்து ஒரு சாய்கோடு கிடைத்திருக்கிறது.

‘இந்தியன்’ என்ற ஆங்கிலச் சொல் இடத்துக்கு இடம் நிறம் மாறும். அமெரிக்காவில் ‘இந்தியன் அமெரிக்கன்’ என்றால் இந்தியாவிலிருந்து போனவர். அதையே திருப்பிப் போட்டால் அந்த மண்ணின் பூர்வகுடி. பெயருக்கு நடுவே இணைகோடு போட்டுக்கொள்ளும் அமெரிக்கர்களுக்குத் தம் நாட்டில் இடமில்லை என்று 1915இல் தியடோர் ரூஸ்வெல்ட் மேடையில் முழங்கினார். அவர்களுக்குக் கோடுதான் சிக்கல். நம்மை வதைத்தது அந்தச் சொல்லே.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அதற்குப் பொருள், பிரஜாவுரிமை அற்றவர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் பண்டமாகப் பங்கிடப்பட்டபோது, கப்பலேற்றத் தக்கவர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவானது. அப்படிப் போய் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுத்தவர்களை அங்கே ‘சிலோன்காரர்’ என்றார்கள். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். 2003இல் பிரஜாவுரிமை தந்த சட்டமும் ‘இந்திய வம்சாவளி’ என்று தலைப்பிட்டே தந்தது.

‘மலையகம்’ அரசாங்கம் வைத்த பெயரல்ல. 1960களில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியின் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களும் அவர்களிடம் படித்த இளைஞர்களும் மேடையிலும் ஏட்டிலும் ஊன்றிய பெயர். அது படிவம் ஏறுவதற்குள் பலர் சலித்துப்போய் ‘இலங்கைத் தமிழர்’ கட்டத்துக்குப் போய்விட்டார்கள். நாட்டின் சனத்தொகையில் 2012இல் நம் பங்கு 4.1 சதவீதம், 2024இல் 2.8. இந்த இடைவெளியில் ராகலையிலிருந்தோ ஹைபொரஸ்டிலிருந்தோ யாரும் கூட்டமாகக் கப்பலேறவில்லை. ‘இந்திய’ என்று எழுதினால் பிள்ளையின் வேலைக்கு இடைஞ்சல் என்று அஞ்சியவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் எண்ணிக்கை தேய்ந்தால் காணி, வீடு, பிரதேச சபை என்று எதைக் கேட்கும்போதும் குரல் தேயும்.

இந்திய அடையாளம் வேண்டும் என்போரும் உண்டு. கொழும்பில் வணிகம் செய்யும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தேயிலை மலையோடு தொடர்பே இல்லை. அவர்களை மலையகத்தார் ஆக்குவதும் அடாவடிதான். அவர்களுக்கு ‘இந்தியத் தமிழர்’ என்று தனிக் கட்டம் இருக்கட்டும்.

நமக்குக் கோடே வேண்டாம். தமிழில் மலையகத்தையும் தமிழரையும் இணைக்க ஒரு ‘த்’ போதும். அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் ‘மலையகத் தமிழர்’ என்பது தனிப் பெயராக அச்சாக வேண்டும். தொழிற்சங்கங்களும் நம் பாராளுமன்ற உறுப்பினர்களும் தொகைமதிப்புத் திணைக்களத்திடம் இதை இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். படிவம் அச்சான பிறகு அறிக்கை விட்டுப் பயனில்லை.