குழந்தையின் பெயரால் குறையும் கூலி

தொழிலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு முதலாளி பணம் கொடுக்க முன்வந்தால் அதை ஆட்சேபிப்பவர் யார்? ஒருவரும் இரார், நாமும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் கூலியைச் சேர்ந்ததா அல்லவா என்ற கேள்வி பிறந்தவுடன் விஷயம் தர்மத்தை விட்டுக் கணக்குக்கு வந்துவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அப்படித்தான் வந்திருக்கிறது. தொழிலாளரின் குழந்தைகளையும், அவர்களை நம்பி வாழும் முதியோரையும் பராமரிப்பதற்காக முதலாளிகள் செய்யும் செலவை, ஓவர்டைம் கூலியைக் கணக்கிடுகையில் சேர்க்கலாகாது என்று விதிக்கும் மசோதா ஒன்று அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் 2025-ம் வருஷம் கொண்டுவரப்பட்டது. மேலுக்குப் பார்த்தால் இது தொழிலாளரின் குடும்பத்துக்கு நன்மை நாடும் ஏற்பாடாகவே தோன்றும். நமக்கு அவ்வளவு எளிதாகத் திருப்தி ஏற்படவில்லை. காரணத்தைச் சொல்லுகிறோம்.

அமெரிக்கத் தொழிலாளரின் ஓவர்டைம் உரிமைக்கு ஆதாரமானது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1938-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி கையொப்பமிட்ட தொழில் நிலைமைச் சட்டம். அந்தச் சட்டம் வாரத்துக்கு 44 மணி என்று தொடங்கி, 1940 அக்டோபர் முதல் 40 மணி என்ற வரம்புக்கு வந்தது. அதற்குமேல் வேலை வாங்கினால், தொழிலாளியின் வழக்கமான கூலி விகிதத்தைப்போல் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். இந்த அரை மடங்கு தொழிலாளிக்கு அளிக்கப்படும் வெகுமானமன்று. நீண்ட நேர வேலை முதலாளிக்கு நஷ்டமாக இருக்கவேண்டும், அதனால் அவர் தொழிலாளியை வேளைக்கு வீட்டுக்கு அனுப்பவேண்டும், அல்லது வேலையில்லாத இன்னொருவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே சட்டத்தின் உட்கருத்து.

'வழக்கமான கூலி விகிதம்' என்ற அந்த மூன்று சொற்களில்தான் வழக்கெல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த விகிதம் உள்ளபடி என்ன கொடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்து அறியவேண்டிய உண்மையேயன்றி, முதலாளியும் தொழிலாளியும் காகிதத்தில் எழுதிக்கொள்ளும் பெயரன்று என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1945-லேயே தீர்ப்புச் செய்தது. பிறகு 1949-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, எவை எவை விகிதத்தில் சேரா என்று ஒரு ஜாபிதா கொடுத்தது. வயோதிகம், ஓய்வு, ஆயுள், விபத்து, சுகாதாரம் ஆகியவற்றுக்கான இன்ஷூரன்ஸுக்கும் 'அவை போன்ற' நன்மைகளுக்குமாக, உண்மையான ஒரு திட்டத்தின்படி, திரும்பப் பெறமுடியாதவாறு மூன்றாமவரிடம் முதலாளி செலுத்தும் தொகை அந்த ஜாபிதாவில் இருக்கிறது. குழந்தைப் பராமரிப்பு என்ற சொல் இல்லை. அது 'போன்ற' என்பதில் அடங்குமா என்பதே சந்தேகம். 2020 ஜனவரி 15 முதல் அமலுக்கு வந்த விதிகளில் தொழில் இலாகா, வண்டி நிறுத்த இடம், தேகப்பயிற்சிக்கூடம் முதலிய பலவற்றைப் பற்றித் தெளிவு செய்தது. குழந்தை விஷயத்தில் முதலாளிகளின் ஐயம் தீராததனாலேயே மசோதா பிறந்தது.

முதலாளிகள் தரப்பில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆலைக்குள்ளேயே ஒரு காப்பகம் நடந்தால், அதில் ஒரு குழந்தைக்கு ஒரு மணிக்கு ஆகும் செலவை எப்படி மதிப்பது? ஒரே யந்திரத்தின் பக்கத்தில் ஒரே வேலை செய்யும் இருவரில், குழந்தையுள்ளவருக்கு மட்டும் ஓவர்டைம் விகிதம் உயர்வது முறையா? இந்தத் தொல்லைக்கு அஞ்சிச் சகாயமே செய்யாமல் இருந்துவிடும் முதலாளியும் உண்டு. இவை வக்கீல்கள் கட்டிய வாதங்களல்ல, உண்மையான இடர்கள்.

ஆனால் இன்னொரு புறத்தையும் பார்ப்போம். கூலிக்குப் பதிலாகச் சகாயம் என்ற வழக்கம் அமெரிக்காவுக்குப் புதிதன்று. யுத்த காலத்தில், 1942-ல், கூலி உயர்வுக்குச் சர்க்கார் தடை போட்டபோது, இன்ஷூரன்ஸும் பென்ஷனும் அந்தத் தடைக்கு வெளியே நின்றன. முதலாளிகள் அந்த வாசல் வழியாகவே தொழிலாளரை இழுத்தனர். அன்று முதல் கூலியின் ஒரு பகுதி வேறு பெயர் பூண்டு நடமாடி வருகிறது. எனவே பராமரிப்புச் சகாயமும் கூலிக்குமேல் வருவதா, கூலியை அறுத்து எடுத்ததா என்று கேட்காமல் இருக்க முடியாது.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு பெண் தொழிலாளிக்கு மணிக்கு 25 டாலர் கூலி. வாரத்தில் 50 மணி வேலை செய்கிறாள். முதல் 40 மணிக்கு 1,000 டாலர். மீதி 10 மணிக்கு, மணி ஒன்றுக்கு 37.50 வீதம் 375. ஆக 1,375 டாலர். இப்போது முதலாளி, "கூலி 20 டாலர், ஆனால் வாரந்தோறும் 200 டாலர் உன் குழந்தையின் காப்பகத்துக்குக் கட்டுகிறேன்" என்கிறார். 40 மணி வாரத்தில் அவளுக்கு ஒரு காசும் குறையவில்லை; 800-ம் 200-ம் ஆயிரந்தான். 50 மணி வாரத்திலோ, அந்த 200 டாலரை விகிதத்தில் சேர்க்காவிட்டால், ஓவர்டைம் மணிக்கு 30 டாலரே, மொத்தம் 1,300. வாரத்துக்கு 75 டாலர் போயிற்று! ரசீதில் ஒரு பெரிய சகாயம் அச்சாகியிருக்கும். போனது எங்கும் அச்சாகியிராது.

இதில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த 200 டாலரைச் சட்டப்படி விகிதத்தில் சேர்த்தாலுங்கூட, 50 மணிக்குச் சராசரி விகிதம் 24 டாலராகி, அவளுக்குக் கிடைப்பது 1,320 டாலரே. அதாவது 75-ல் 20 டாலரைத்தான் சேர்க்கை காப்பாற்றுகிறது; 55 டாலர், கூலி சகாயமாக மாறிய அந்த க்ஷணத்திலேயே போய்விடுகிறது. ஆகையால், 'சேர்', 'சேர்க்காதே' என்று மட்டும் சண்டையிடும் இரு கட்சியாரும் பெரிய துவாரத்தை விட்டுச் சின்னத் துவாரத்தை அடைக்க நிற்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். தடுக்க வேண்டியது மாற்றத்தை. கூலியைக் குறைத்தோ, கொடுக்க ஒப்பிய உயர்வை நிறுத்தியோ சகாயம் அளிக்கப்படுமானால் அதற்கு விலக்கு இல்லை என்று மசோதாவிலேயே எழுதப்பட வேண்டும்.

இல்லையேல் விளைவு விபரீதமாக இருக்கும். குழந்தைக்காகச் செலவிடும் பணமே, அந்தக் குழந்தையின் தாயை நாற்பத்தொன்றாவது மணியிலும் ஆலையில் நிறுத்தி வைப்பதை முதலாளிக்கு மலிவாக்கும். போர்ட்லண்டு நகரத்துக் கெய்ஸர் கப்பல் கட்டும் தளங்களில் 1943-ல் திறந்த குழந்தைக் காப்பகங்களை அந்நாட்டார் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். பகலும் இரவும் திறந்திருந்தன. வேலை முடிந்த தாய்மார் வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சமைத்த உணவுகூட அங்கே கிடைத்தது. மெச்சத்தக்க காரியமே. ஆயினும் அவை கப்பலுக்காகத் திறக்கப்பட்டவை. யுத்தம் முடிந்த 1945-லேயே மூடப்பட்டன. குழந்தைகள் அப்பொழுதும் இருந்தார்கள்.

முதலாளிக்கு ஊக்கம் வேண்டுமென்றால் அது கஜானாவிலிருந்து ஏற்கனவே கிடைத்துக்கொண்டிருக்கிறது. காப்பகச் செலவில் 25 சதவிகிதம், வருஷத்துக்கு 150,000 டாலர் வரையில் என்றிருந்த வரிச் சலுகையை, 2025-ல் செய்த சட்டம் 2026 முதல் 40 சதவிகிதமாகவும், 500,000 டாலராகவும் உயர்த்தியிருக்கிறது. தொழிலாளி பெறும் பராமரிப்புச் சகாயத்தில் வரியின்றி விடப்படும் தொகையும், 1986 முதல் 5,000 டாலராக இருந்தது, பொதுவாக 7,500 டாலராயிற்று. இவ்வளவு பொதுப் பணம் போன பிறகு, ஓவர்டைம் கூலியிலிருந்தும் ஒரு பங்கு ஏன்?

ரொக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலிபோர்னியாவில் ஸான் காப்ரியல் நகரப் போலீஸார் தொடுத்த வழக்கில், சுகாதார இன்ஷூரன்ஸை வேண்டாமென்றவர்களுக்கு அதற்குப் பதிலாகக் கையில் கொடுத்த ரொக்கம் கூலி விகிதத்தில் சேரும் என்று ஒன்பதாவது வட்டார அப்பீல் நீதிமன்றம் 2016-ல் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. காப்பகத்துக்கு நேரே செலுத்தியதைச் சகாயம் என்று ஒப்பலாம்; சம்பளக் கவரில் வைத்துக் கொடுத்ததற்குக் குழந்தையின் பெயரைச் சூட்டினாலும் அது சம்பளமே.

இந்தச் சங்கடம் கடலுக்கு அப்பாலேயே நின்றுவிடவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த நமது 2019-ம் வருஷத்துக் கூலிச் சட்டத் தொகுப்பு, ஓவர்டைமுக்குச் சாதாரணக் கூலியைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் கொடுக்கச் சொல்லுகிறது. எனவே கூலி எது என்பது நமக்கு அமெரிக்கரைவிட அதிக விலையுள்ள கேள்வி. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி முதலியவற்றை நீக்கிவிட்டு, நீக்கியவை மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டால் மிச்சத்தைக் கூலியாகவே கொள் என்று நம் சட்டம் ஒரு வேலி கட்டியிருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் இல்லாத நல்ல வேலி இது. குழந்தைப் பராமரிப்புப் படி நீக்கிய ஜாபிதாவில் பெயர் குறித்து இடம் பெறவில்லை. ஆனால் வசதி, சேவை என்ற தலைப்பில் சர்க்கார் ஓர் உத்தரவால் எதையும் கூலிக் கணக்கிலிருந்து விலக்கிவிட இடமிருக்கிறது. அப்படி ஓர் உத்தரவு வெளிவருமானால், தொழிற்சங்கத் தலைவர்கள் காப்பகத்தின் திறப்பு விழாவுக்கு மாலையோடு போவதற்கு முன்பு, முந்திய மாதத்துச் சம்பளச் சீட்டையும் அந்த மாதத்துச் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.