கொட்டாவி வந்தால் மொக்கைப் படமா?

"சிறந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் எது?" என்று ஹாஸ்டலில் நாலு பேர் நடுவில் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு யாரும் தூங்கப் போவதில்லை. ஒருவன் மேட்ரிக்ஸ் என்பான். இன்னொருவன் இன்டர்ஸ்டெல்லார் பார்த்துவிட்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்பான். ஸ்டார் வார்ஸ் கட்சிக்காரன் ஒருவன் கண்டிப்பாக இருப்பான். இவ்வளவு நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தவன் தொண்டையைச் செருமிக்கொண்டு "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" என்று சொன்னதும் அடித்துக்கொண்டிருந்த எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள்.. அவனுக்கு எதிராக! "அதுவா? குரங்கு எலும்பைத் தூக்கிப் போடும், அப்புறம் இரண்டு மணி நேரம் கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கும், அதானே?"

அதேதான். குற்றச்சாட்டில் பொய் ஒன்றும் இல்லை. 1968ல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த அந்தப் படத்தில் முதல் வசனம் வருவதற்கே ஏறத்தாழ 25 நிமிடம் ஆகிறது. கடைசி இருபது நிமிடத்துக்கும் மேல் யாரும் வாயே திறப்பதில்லை. ஏப்ரல் மாதம் முதல் காட்சி முடிந்ததும் குப்ரிக்கே உட்கார்ந்து சுமார் 19 நிமிடத்தை வெட்டி எறிந்தார். வெட்டிய பிறகுதான் இந்த வேகம் என்றால் வெட்டுவதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆஸ்கரிலும் சிறந்த படத்துக்கான பட்டியலில்கூட அதைச் சேர்க்கவில்லை. கிடைத்தது ஒரே ஒரு விருது, ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு.

இத்தனைக்கும் பிறகு 2022ல் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை உலகம் முழுக்க இருக்கும் இயக்குனர்களிடம் ஓட்டு வாங்கியபோது முதலிடம் இந்தப் படத்துக்குத்தான். சயின்ஸ் ஃபிக்‌ஷனில் முதலிடம் இல்லை, எல்லா வகைப் படங்களிலும் சேர்த்து முதலிடம். இயக்குனர்கள் சொல்லிவிட்டால் அது வேதவாக்கா என்றால் இல்லைதான். ஆனால் தொழில் தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் ஒரு 'மொக்கை'யைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்றால் அந்த மெதுவில் ஏதோ விஷயம் இருக்க வேண்டும் இல்லையா?

விஷயம் படத்துக்குள்ளேயே ஒரு சின்னக் காட்சியில் இருக்கிறது. வியாழனுக்குப் போய்க்கொண்டிருக்கும் டிஸ்கவரி கலத்தில் இரண்டு வீரர்கள் சாப்பிட்டபடியே தங்களைப் பற்றி பிபிசியில் வந்த பேட்டியைப் பார்க்கிறார்கள். பேட்டி எடுப்பவர் போகிற போக்கில் ஒரு தகவல் சொல்கிறார். பேசியது கலத்துக்குப் போய்ச் சேரவே ஏழு நிமிடம் ஆனதாம், அந்தத் தாமதத்தை ஒளிபரப்பில் வெட்டிவிட்டார்களாம். ஒரு கேள்விக்குப் பதில் வாங்கப் பதினாலு நிமிடம்! டிவி நேயருக்குப் பொறுமை கிடையாது என்று தெரிந்து கத்தரி போட்டுவிட்டார்கள். டிவிக்காரன் வெட்டி எறிந்த அந்த ஏழு நிமிடத்தைத்தான் குப்ரிக் படம் முழுக்க வெட்டாமல் வைத்திருக்கிறார். விண்வெளியில் பெரிய விஷயம் கப்பலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. தூரம். தூரத்தைத் திரையில் காட்ட நேரத்தைத் தவிர வேறு வழி கிடையாது.

ஸ்டார் வார்ஸ்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது எத்தனை தடவை பார்த்தாலும் திகட்டாத படம், சந்தேகமே இல்லை. ஆனால் அது ரொம்ப காலத்துக்கு முன்னால், ரொம்ப தூரத்தில் என்று பாட்டி கதை மாதிரிதான் ஆரம்பிக்கிறது. அதன் விண்வெளிச் சண்டைகளை அமைக்க ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைப் படச்சுருள்களை மாதிரியாக வைத்துக்கொண்டார். அதனால்தான் காற்றே இல்லாத இடத்தில் அந்தக் கலங்கள் காற்றைக் கிழிக்கிற விமானம் மாதிரிச் சாய்ந்து திரும்புகின்றன, 'விர்ர்' என்று சத்தமும் போடுகின்றன. ஒரு லீவரைத் தள்ளினால் நட்சத்திரங்கள் எல்லாம் கோடாகி அடுத்த ஊர் வந்துவிடும். தூரம் என்ற ஒன்றே அங்கே கிடையாது.

படம் வெளிவந்த அதே 1977ல், செப்டம்பர் 5ம் தேதி, நாசா வாயேஜர் 1ஐ அனுப்பியது. நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கலத்துக்கு இன்று ஒரு கட்டளை அனுப்பினால் ஒளி வேகத்தில் போயும் 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 2023 நவம்பரில் அது திடீரென்று புரியாத குப்பையாக அனுப்ப ஆரம்பித்தது. பொறியாளர்கள் ஐந்து மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு 2024 ஏப்ரல் 18ம் தேதி திருத்திய நிரலை அனுப்பினார்கள். சரியானதா இல்லையா என்று தெரிய 20ம் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைப் படமாக எடுத்தால் அந்த இரண்டு நாளை எப்படிக் காட்டுவீர்கள்? ஒரு கட் போட்டு "வேலை செய்கிறது!" என்று கைதட்ட வைக்கலாம். அப்படிச் செய்தால் வாயேஜர் அடுத்த தெருவில் இருக்கிற மாதிரி ஆகிவிடும்.

சரி, அந்த 'கப்பல் நகர்கிற' காட்சிக்கு வருவோம். 2001ல் ஒரு விண்கலம் சுற்றுகிற நிலையத்தோடு போய்ச் சேர்கிறது. பின்னணியில் 'புளூ டான்யூப்' வால்ட்ஸ் இசை. நிமிடக்கணக்கில் போகிறது, ஒன்றும் நடப்பதில்லை. ஃபாஸ்ட் ஃபார்வர்டு பட்டனுக்குக் கை போகிற முதல் இடம் இதுதான். ஆனால் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸை நினைத்துப் பாருங்கள். தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு சின்ன செயற்கைக்கோள்கள், 2024 டிசம்பர் 30ம் தேதி கிளம்பின. இணைப்பு இரண்டு தடவை தள்ளிப்போனது. ஜனவரி 12ம் தேதி 15 மீட்டர் வரை கொண்டு வந்தார்கள், பிறகு 3 மீட்டர். கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரம்.. அங்கிருந்து மறுபடி பின்னால் நகர்த்தி விலக்கி வைத்தார்கள்! ஜனவரி 16ல்தான் இரண்டும் சேர்ந்தன. குப்ரிக் நிமிடக்கணக்கில் முடித்துவிட்டார். நியாயமாகப் பார்த்தால் அவர் அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நிஜம் மெதுவாக இருக்கலாம், சினிமா ஏன் அப்படி இருக்க வேண்டும்? டிக்கெட் வாங்கியது பொழுதுபோக்கத்தானே?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஹால் என்கிற கம்ப்யூட்டர் மூன்று பேரைக் கொல்லும் காட்சியைப் பார்க்க வேண்டும். உறைதூக்கத்தில் படுத்திருக்கும் மூன்று விஞ்ஞானிகள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு அலறல்கூட இல்லை. திரையில் அவர்களுடைய இதயம், மூச்சு எல்லாம் வளைந்து வளைந்து ஓடும் கோடுகளாகத் தெரிகின்றன. ஒவ்வொரு கோடாக நேராகிறது. கடைசியில் உயிர்ச் செயல்பாடுகள் முடிந்தன என்று ஒரு அறிவிப்பு மின்னுகிறது. அவ்வளவுதான். சினிமாவில் இதைவிடக் குளிர்ச்சியான கொலை கிடையாது.

வெறும் கோட்டைப் பார்த்தால் எப்படிப் பதற்றம் வரும் என்று நம்மூர்க்காரன் கேட்கவே கூடாது. 2019 செப்டம்பர் 7ம் தேதி பின்னிரவில் சந்திரயான் 2 இறங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிவியில் இருந்தது ஒரு கோடு, அதன் மேல் ஊர்ந்து போகும் ஒரு புள்ளி. புள்ளி கோட்டை விட்டு விலகியது. பிறகு நின்றுவிட்டது. நிலவுக்கு 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாக இருந்தது என்று அறிவிப்பு வந்தபோது அழுதவர்கள் எத்தனை பேர்! 2023 ஆகஸ்ட் 23ம் தேதி மாலை, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குனராக இருந்த சந்திரயான் 3 இறங்கும்போதும் அதே கோடு, அதே புள்ளி, சுமார் இருபது நிமிடம். டீக்கடையில்கூட யாரும் பேசவில்லை. சேனலை மாற்று என்று யாரும் சொல்லவில்லை. அந்த இருபது நிமிடத்தில் 'ஆக்‌ஷன்' என்று என்ன இருந்தது? ஒன்றுமில்லை. அந்தக் கோட்டின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.. அது போதுமானதாக இருந்தது. மெதுவான படம் பார்க்கப் பொறுமை கிடையாது என்று சொல்பவர்களுக்கு உண்மையில் பொறுமை நிறையவே இருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று படம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

இதை எல்லா மெதுவான படமும் செய்துவிடுவதில்லை. 1979ல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தை அதன் ரசிகர்களே 'அசையாத படம்' என்று கிண்டல் செய்தார்கள். கேப்டன் கிர்க் தன் பழைய கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார், பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவன்கூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டான். வேடிக்கை என்னவென்றால் 2001க்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செய்த டக்ளஸ் ட்ரம்புல்தான் இதற்கும் செய்தார். ஆள் ஒருவரே, அழகும் அதே அழகுதான். ஆனால் அங்கே கலம் நகரும்போது மனிதன் சின்னதாகிக்கொண்டே போகிறான், இங்கே கப்பலைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். வெளியீட்டுத் தேதியைப் பிடிக்கிற அவசரத்தில் சரியாக எடிட் செய்யக்கூட நேரம் இல்லாமல் போய்விட்டது. இயக்குனர் ராபர்ட் வைஸ் 2001ம் வருடத்தில்தான் அதை ஒழுங்குபடுத்தி வேறு வடிவமாக வெளியிட முடிந்தது. அவசரமாக எடுத்ததால் மெதுவாகிப்போன படம்!

இதற்கு நேர் எதிர் ஆட் அஸ்ட்ரா (2019). அப்பாவைத் தேடி நெப்டியூன் வரை போகும் மகனின் தனிமை, நல்ல மெதுவான படமாக வந்திருக்க வேண்டியது. நடுவில் நிலாவில் ஒரு கார் துரத்தல், கொஞ்ச நேரத்தில் வெறிபிடித்த பபூன் குரங்கு ஒன்று. யாராவது எழுந்து போய்விடுவார்களோ என்ற பயத்தில் வைத்த மாதிரியே இருக்கிறது. பயந்துபோன மெதுவைவிட வேகமே தேவலை. அந்த விதத்தில் கிராவிட்டி (2013) நேர்மையான படம், 91 நிமிடத்தில் மூச்சு வாங்க வைத்துவிட்டுப் போய்விடுகிறது. அதற்காக ஹப்பிளிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஏதோ பக்கத்து பிளாட்பாரத்துக்குத் தாண்டுகிற மாதிரி தாண்டுகிறார்கள்.. இரண்டும் வேறு உயரம், வேறு சாய்வுள்ள பாதைகள். வேகத்துக்குக் கொடுத்த விலை மறுபடியும் அந்தத் தூரம்தான்.

சோலாரிஸ் பற்றிச் சொல்லாமல் இந்த வழக்கு முடியாது. தர்க்கோவ்ஸ்கி 1972ல் எடுத்த ரஷ்யப் படம், இரண்டே முக்கால் மணி நேரம். 2001 பிடித்தவர்களில்கூடப் பாதிப்பேர் இங்கே கழன்றுகொள்வார்கள். அவர்கள் வழக்கமாகக் காட்டும் சாட்சி அந்தக் கார் காட்சி. ஒரு முன்னாள் விமானி டோக்கியோ நகரத்து மேம்பாலங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் காரில் போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார், ஐந்து நிமிடம் போல. எதற்கு? கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். நாயகன் பூமியை விட்டு சோலாரிஸ் கிரகத்துக்குப் போகும் பயணத்தை தர்க்கோவ்ஸ்கி இமைக்கிற நேரத்தில் முடித்துவிடுகிறார், ஒரு முகம், சில நட்சத்திரங்கள், வந்து சேர்ந்தாயிற்று. அதாவது விண்வெளிப் பயணத்தின் நேரத்தை எல்லாம் பூமியிலேயே அந்தக் காரில் செலவழித்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிரகத்தின் தூரம் இல்லை, வீட்டின் தூரம். அங்கே போன பிறகு செத்துப்போன மனைவி எதிரில் வந்து நிற்கும்போதுதான் முதல் நாற்பது நிமிடம் குளத்தையும் மழையையும் எதற்குக் காட்டினார் என்று உறைக்கும். மூல நாவலை (1961) எழுதிய ஸ்தனிஸ்லாவ் லெமுக்கே படம் பிடிக்கவில்லை, தன் கதையை விட்டுவிட்டு 'குற்றமும் தண்டனையும்' எடுத்து வைத்திருக்கிறார் என்று நொந்துகொண்டார். அது நியாயமான கோபம்தான். அறிவியல் குறைந்துதான் போயிற்று. அதனால் முதலிடம் 2001க்கு, சோலாரிஸுக்கு இரண்டாமிடம்.

அப்புறம், மூன்று நாள் சோறு இறங்காத அந்த இன்டர்ஸ்டெல்லார் நண்பனிடம் ஒன்று கேளுங்கள். எந்த இடத்தில் அழுதாய் என்று. சுழலும் கலத்தோடு போய் இணைகிற அந்தப் பரபரப்பான இடத்திலா? இருக்காது. அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் என்பது பூமியில் ஏழு வருடம். திரும்பி வந்த கூப்பர் இருபத்து மூன்று வருடச் செய்திகளை உட்கார்ந்து பார்க்கிறானே, அங்கேதான். நாற்காலியில் ஒரு ஆள், எதிரே ஒரு திரை, மகன் வளர்ந்து கல்யாணம் பண்ணி.. ஒரு கட்டத்தில் செய்தி அனுப்புவதையே விட்டுவிடுகிறான். கப்பலும் நகரவில்லை, ஒன்றும் வெடிக்கவில்லை. அந்தக் காட்சிக்கு அழுத ஒருவன் 2001ஐ அறுவை என்று சொன்னால் அவனுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு கொடுக்கலாம்.

கொடுக்கும்போது சில நிபந்தனைகள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். விளக்கை அணைத்துவிடவும். லேப்டாப் சின்னத் திரையில், அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரக் கூடாது. முழு வடிவத்தில் ஆரம்பத்தில் மூன்று நிமிடம் போலத் திரை வெறும் கறுப்பாக இருக்கும், லிகெட்டியின் இசை மட்டும் கேட்கும். டிவி ரிப்பேர் இல்லை. வயரை யாரும் ஆட்ட வேண்டாம்.